ஏழு மணிக்குக் கேட்ட கேள்வி

அந்தக் கைபேசியின் கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாக ஒரு கறை இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியின் கறை. துணியால் துடைத்தும், நகத்தால் சுரண்டியும் பார்த்துவிட்டேன். இடுக்கில் இறங்கிக் காய்ந்துபோனதால் வரவில்லை. இப்போது அது என் சட்டைப்பையில் கிடக்கிறது. முன்பு என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, வைத்திருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாசிக்கில் முறுக்குக் கம்பெனி, ஓசூரில் லாரி கிளீனர், நடுவில் கொஞ்சகாலம் கிணறு வெட்டு. அண்ணன் செத்தபோதுகூட காரியம் முடிந்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தேன். அப்படி வந்திருந்த ஒரு சமயம், கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் பைக் ஓட்டத் தெரிந்த ஆள் தேடினார்கள். முடக்குவாதக்காரர்களை மாதாமாதம் பஸ் ஏறி வரவைக்காமல், கைபேசி வழியாகக் கேட்டறிந்து, ரொம்ப முடியாதவர்களை மட்டும் முதலில் கூப்பிட்டால் சரிப்படுமா என்று அங்கே ஆய்வு செய்தார்கள். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கைபேசிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று சொல்லித்தருவது என் வேலை. தினமும் காலை ஏழு மணிக்கு அது மணியடித்து, "இப்போது விரல்கள் விறைப்பாக இருக்கின்றனவா?" என்று கேட்கும். இல்லை என்றால் பச்சை, ஆமாம் என்றால் சிவப்பு. பச்சையாகவே அமுக்குகிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள் தள்ளிப்போகும்.

மதினிக்கும் அந்த நோய்தான். தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கினாள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. விரல் ஓடினால்தான் சட்டம் நிறையும், சட்டம் நிறைந்தால்தான் கூலி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மகன் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "அவன் வீட்டுல போயி ஒரு மூலையில உக்காரவா? கை ஓடுத வரைக்கும் என் சோறு என் அடுப்புலதான்" என்பாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அவளுக்கும் ஒரு கைபேசி கொடுத்தேன். அவளிடமிருந்து தினமும் பச்சை வந்தது. "ஒங்க போனு நல்ல போனு கொழுந்தனாரே. வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கிடன்னு சொல்ல மாட்டேங்குது" என்று சிரித்தாள். "ஒரு எடத்துல நிக்காத ஒங்கள நம்பி இம்புட்டுப் போனக் குடுத்திருக்காவளே, அவியளச் சொல்லணும்" என்றும் சொன்னாள்.

ஐப்பசியில் ஒருநாள், மழையில் ஊறிய கரிசல் பைக் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருளவிடவில்லை. மதினி வீட்டிலேயே தங்கினேன். விடியுமுன்பே பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தேன். அடுப்படியில் மதினி சூடான கஞ்சிச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உப்பு டப்பா, திறக்க முடியாமல் கிடந்தது.

"என்ன மதினி இது?"

"கை இன்னும் முழிக்கல. கொஞ்சம் ஊறுனா முழிச்சிரும். நாலு மணிக்கு எந்திரிச்சாத்தான ஆபீசு வண்டியப் பிடிக்க முடியும்."

"போன்ல இதச் சொல்லலியா?"

"அது ஏழு மணிக்குல்லா கேக்குது? அப்ப நான் வண்டியில இருப்பேன், வெரலும் நல்லாத்தான் இருக்கும். இருக்குததத்தான சொல்லணும்? பொய் சொல்லச் சொல்லுதீயளா?"

அன்றைக்கே அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். விரல் மூட்டுகளில் எலும்பின் ஓரம் அரித்திருந்தது. மருந்தைக் கூட்டியிருக்க வேண்டிய மாதங்கள் பச்சையாகவே கழிந்துவிட்டன. "ஏழு மணி நாங்க எந்திரிக்கிற நேரம். அதையே எல்லாருக்கும் வச்சிட்டோம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அதன்பின் கேள்வியை மாற்றினார்கள். அவரவர் எழுந்த நேரத்தில் அமுக்க வேண்டும், மணி கிடையாது. மதினி கஞ்சி சொட்டும் விரல் முட்டியால் சிவப்பை அமுக்கினாள். விரல் நுனி அதற்கு நிமிரவில்லை. புது மருந்தில் வலி குறைந்தது, விறைப்பும் விட்டது, பச்சை வந்தது. இந்தத் தடவை நிஜப் பச்சை. ஆனால் மடங்கிய விரல்கள் மடங்கியே நின்றன. சட்டம் நிறையவில்லை. "கொஞ்சநாள் வீட்டுல இருங்கக்கா" என்றார்கள் ஆபீசில். தைக்குள் மகன் வந்து, தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனான்.

கேள்வியை மாற்றியது மற்ற கிராமத்துப் பெண்கள் சிலருக்கு நேரத்தோடு உதவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆய்வு முடிந்ததும் கைபேசியை வாங்கிவர திருப்பூர் போனேன். வெயில் ஏறியிருந்தது. மதினி அப்போதுதான் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் காப்பியை டம்ளரில் ஆற்றிக் கையில் பிடித்துக்கொள்ளத் தந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை.

"விரல் எப்படி மதினி, காலையில?"

"வலி இல்ல. நேரத்தோட முழிச்சிருது" என்றாள். கைகளை மடியில் வைத்துப் பார்த்தாள். "முழிச்சு என்ன செய்ய?"

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, பழசாகிவிட்டது, நீயே வைத்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது ஈரோட்டில் மஞ்சள் குடோன் ஒன்றில் மூட்டை ஏற்றுகிறேன். அதை எடுத்து மணி பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரல் அந்த வெள்ளைக் கறையின் மேல்தான் போய் நிற்கிறது. துடைப்பதை விட்டுவிட்டேன்.