பூட்டு வலி

எங்கள் முதல் பிள்ளை தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், மருத்துவச்சி வந்து சேருமுன் பிறந்தது. பொழுது சாய்வதற்குள் இறந்தும் போனது. அதனால் என் மனைவி இரண்டாவது முறை கர்ப்பமானபோது, இந்தப் பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வலி கண்டவுடன் சொல்லி அனுப்ப வேண்டும், தோட்டம் லொறி கொடுக்கும் என்பது ஏற்பாடு. கந்தப்பளைக்கு மேலே, பஸ் ஏறாத மலை எங்களுடையது. கொழுந்து ஏற்றும் அந்த ஒரு லொறியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் லயத்தில் யாருக்கு எது என்றாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். ஆனால் என் வீட்டில் நடந்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் வாசற்படி தாண்டும்போது நிலையைப் பிடித்துக்கொண்டாள். பாயில் புரண்டு படுக்கும்போது மூச்சை அடக்கினாள். கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்பாள். ஒருநாள் நான் விடவில்லை.

"கீழ, முன்னால எலும்புக்குள்ள கம்பிய விட்டு நெம்புற மாதிரி இருக்குங்க. கால அகட்டி வச்சா சுருக்குன்னு பின்னால போவுது. அப்பிடியே நின்னா போயிருது."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருஷனிடம் இவ்வளவு சொல்வதே அதிகம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எலும்புக்கூட்டின் படம் இருந்தது. ஒவ்வொரு எலும்புக்கும் பெயர் இருந்தது. வலியைப் பற்றி எதுவும் இல்லை.

அந்த வாரமே மலையில் அது நடந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டே, மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டக் காலை நீட்டியவளுக்கு அந்த வலி வெட்டியிருக்கிறது. ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்து நிரையில் நின்ற எங்கள் லயத்து அக்காள் ஒருத்தி என்னவென்று கேட்க, "இடுப்பு வலிக்குதக்கா" என்றாள். சொன்னது அவ்வளவுதான். வயிற்றுப்பிள்ளைக்காரி இடுப்பு வலி என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். அக்காள் மேல் நிரைக்குக் கத்தினாள், மேல் நிரை கங்காணிக்குக் கத்தியது. கங்காணி ஸ்டோர் பக்கம் பார்த்துக் கத்தினார். தேயிலை அரைக்கும் கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது செய்தி நன்றாக வளர்ந்திருந்தது.

"வாத்தியாரே, ஒங்க சம்சாரத்துக்குத் தல தெரியுதாம்."

ஓடிப்போய்ப் பார்த்தால் லொறியிலிருந்து கொழுந்துச் சாக்குகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டிருந்தார்கள். அவளை மேலே ஏற்றி என் அம்மாவின் மடியில் சாய்த்திருந்தார்கள்.

"இது அந்த வலி இல்ல அத்தை. எனக்குத் தெரியாதா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நீ சும்மா இரு ஆயி. ஏழு மாசத்துலயே இப்பிடி வருதேன்னு நான் பயந்துகிட்டு வர்றேன். நீ சட்டம் பேசுற."

எனக்கும் அந்தப் பயம்தான். முதல் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன பாதை லொறியிலிருந்து தெரிந்தது. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் சிங்கள டாக்டர் இரண்டு பக்க இடுப்பெலும்பையும் அழுத்திப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கச் சொன்னார். அவளால் தூக்க முடியவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது, இது பிரசவ வலி அல்ல என்று என்னிடம் நிதானமான இங்கிலீஷில் சொன்னார். முன்னால் இரண்டு எலும்பும் சேரும் இடம் கர்ப்பத்தில் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், சிலருக்கு அதிகமாகத் தளர்ந்துவிடும், பாரம் தூக்கக் கூடாது, காலை அகட்டி வைக்கக் கூடாது, பிள்ளை பிறந்தபின் மெல்லச் சரியாகும் என்றார். எலும்பு சேரும் இடத்தை அவளுக்குத் தமிழில் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன்.

"பூட்டு தளர்ந்திருக்காம்" என்றேன்.

"பூட்டா? நான் என்னங்க, கதவா?"

பக்கத்தில் நின்ற நர்சுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "தோள்பூட்டுன்னு சொல்றதில்லையா. அது மாதிரி கீழ ஒண்ணு இருக்கும்ல" என்றார்.

லொறி அப்போதே திரும்பிவிட்டதால் கந்தப்பளை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து குறுக்குப் பாதையில் ஏறினோம். அவள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறுகாலை அதனோடு சேர்த்து, அப்படியே ஏறினாள். வீடு சேரும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டார். மலை வேலை முழுவதும் அவர் பொறுப்பு. அப்போது எங்கள் துரை வெள்ளைக்காரர். கொழுந்து வெயிலில் கிடந்து சிவந்துபோனதற்குத் துரையிடம் கண்டாக்கையாதான் பதில் சொல்லியிருக்கிறார்.

"வாத்தியாரே, நான் கல்லு மனசுக்காரன் இல்ல. ஒங்களுக்கு முன்ன நடந்தது எனக்கும் தெரியும். ஆனா அடுத்த தடவையும் இப்பிடிப் பொய்யாப் போச்சுன்னா தொர லொறி தர மாட்டாரு. நெசமான வலின்னு தெரிஞ்சு ஆள் அனுப்புங்க."

அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரே யோசனைதான். அவளுக்கு எது எந்த வலி என்று தெரியும். அதை மற்றவர்கள் நம்பும்படி சொல்ல ஒரு சொல் வேண்டும். உண்மையான வலி வரும் நாளில் லொறி வராவிட்டால் மறுபடியும் அதே காம்பராதான். ஆகவே பிரசவம் வரை எங்கள் வீட்டில் யாரும் இடுப்பு வலி என்று சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்த வலிக்குப் பூட்டு என்று பெயர் வைத்தோம்.

பெயர் வைத்ததால் வலி குறையவில்லை. மலை ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதை நான் எடுத்துக்கொண்டேன். பெண்கள் குடத்தோடு நிற்கும் வரிசையில் நானும் நின்றேன்.

"என்னங்க வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல பாடம் முடிஞ்சிருச்சா?"

"அவரு கொடத்துக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க வந்திருக்காருடி."

"இடுப்புல வைங்க வாத்தியாரே. தோள்ல வச்சா தண்ணி பூராச் சட்டைக்குத்தான்."

அவர்கள் சொன்னது சரிதான். வீட்டுக்கு வரும்போது சட்டை நனைந்திருந்தது.

இரவில் மடித்த சாக்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். எழும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்து, ஒரே பக்கமாகத் திரும்பிக் கையை ஊன்றி எழுந்தாள். கங்காணி ரோட்டோரத்து மட்டமான நிரையைக் கொடுத்தார். அவராகக் கொடுக்கவில்லை, பக்கத்து நிரை அக்காள் அவரை நச்சரித்து வாங்கிக் கொடுத்தாள். ஊரைக் கூட்டியது தன் வாய்தான் என்று அக்காளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது.

ஒரு மழை நாளில் இன்னொன்று நடந்தது. கொழுந்து எடுப்பவர்கள் செடி கிழிக்காமலும் நனையாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு என்று ஒரு தடித்த துணியைக் கட்டிக்கொள்வார்கள். வயிறு பெருத்தபின் அவள் அதை மேலே, தளர்வாகக் கட்டி வந்தாள். அன்று நனைந்த படங்கு வழுக்கி வழுக்கி இறங்கவே, எரிச்சலில் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். சாயங்காலம் வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, இன்னைக்கு கான் தாண்டுனேன். வலிச்சுது, ஆனா யாரோ ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மாசமா இருக்கிறவள மூட்ட மாதிரி கட்டுறதா? புள்ளைக்கு மூச்சு முட்டும்."

"வயித்தக் கட்டல அத்தை. அதுக்குக் கீழதான்."

மருத்துவச்சி வந்து கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்து, அது வயிற்றில் படவில்லை, இருக்கட்டும் என்றார். அம்மா அரைமனதோடு விட்டார். வேலைக்குப் போவதை நிறுத்திய பின்னும் அவள் பழைய சேலையைக் கிழித்து அப்படியே கட்டிக்கொண்டாள். முழுக்க நிற்கவில்லை. சில நாள் கக்கூசுக்குப் போய்வரவே சுவரைப் பிடித்து நின்று நின்று போனாள். ஒருமுறை படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெயர் மட்டும் லயம் முழுவதும் பரவிவிட்டது. "பூட்டு எப்பிடிப் புள்ள?" என்று வாசலில் போகிறவர்கள் கேட்பார்கள். "இன்னைக்குக் கொஞ்சம் ஆடுதுக்கா" என்பாள்.

மாதம் நிறைந்து ஒருநாள் முற்பகல், நான் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவை எட்டிப் பார்த்து, "அக்கா, இது பூட்டு இல்ல" என்றாளாம். அங்கே காய்ச்சலோடு படுத்திருந்தவள் அதே பழைய அக்காள்தான். எழுந்து வாசலுக்கு வந்து கத்தினாள். கீழ் லயம் அதை வாங்கி மலைக்குக் கத்தியது, மலை ஸ்டோருக்குக் கத்தியது.

"பூட்டு இல்லையாம். பூட்டு இல்லையாம்."

பள்ளிக்கூடத்தில் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடினேன். ஸ்டோர் வாசலில் காவல்காரர், கதவில் இருந்த பெரிய பூட்டைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோபத்தோடு நின்றார்.

"இந்தா இருக்குல்ல பூட்டு. எவன் இல்லேன்னான்? என் மேல பழி போடவா பாக்குறீங்க?"

சத்தம் கேட்டுக் கண்டாக்கையா வெளியே வந்தார். காவல்காரரைப் பார்த்தார், மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்தார். லொறி அப்போதுதான் கொழுந்தோடு வந்து நின்றிருந்தது.

"வாத்தியாரே, ஒங்க வீட்டு விசயமா?"

"ஆமாங்க."

"பூட்டு இல்லையா?"

"பூட்டு இல்லைங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. லொறிப் பக்கம் திரும்பி, "எறக்குங்கடா சாக்க" என்றார்.

இந்த முறை அவள் வழியில் வாதாடவில்லை. லொறி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் கையை நசுக்கினாள். "இதுவா?" என்று நான் கேட்டால், "இது பூட்டு" என்பாள். கொஞ்ச தூரம் போனதும், "இது மத்தது" என்பாள். நடுவில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டும் சேந்து வந்தா என்ன பேருங்க?" என்று கேட்டாள். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. அம்மா அந்தச் சேலைக் கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி உள்ளே கொண்டுபோன பிறகு அதிக நேரம் ஆகவில்லை. பெண் குழந்தை. அழுதது. பொழுது சாய்ந்தது, அப்போதும் அழுதது. நான் வராந்தாவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று பிள்ளையை அம்மா தூக்கிக்கொண்டு முன்னே போனார். இவள் பழையபடி பக்கவாட்டில் திரும்பி, காலோடு காலைச் சேர்த்துச் சேர்த்து மெல்ல ஏறினாள். நான் பின்னால் வந்தேன். ஸ்டோர் வாசலில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"என்ன ஆயி, தொலஞ்ச பூட்டு கெடைச்சிருச்சா?"

அவள் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"புள்ள கெடைச்சிருச்சு மாமா. பூட்டு இன்னும் ஆடுது."