வெறுங்காலுக்கு வந்த பதில்

நான் கைகளை வீசிக்கொண்டே இருந்தேன். எதிரே இசைக்குழுவில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது தெரியவில்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் மாலை ஒத்திகை. இசைத்தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது வயலின்கள் எல்லாம் மடியில் இருந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் வயலின்கள் இடம் தவறிப் புகுந்து, இசை சிதறி, ஒவ்வொருவராக நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். இல்லாத இசையை நான் மட்டும் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஓய்ந்துபோன யாராவது இதைப் படிக்கக்கூடும். அவருக்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் லாரன்ஸ். துறைமுக அலுவலகத்தில் வேலை. இளவயதில் ராக் அண்ட் ரோல் குழு ஒன்றில் பேஸ் கிடார் வாசித்தேன். டிரம்ஸ் வாசித்தவன் டேவிட். ஒரே தெரு, ஒரே வகுப்பு. புத்தாண்டு நடனங்கள், கல்யாண வரவேற்புகள், காசிமேட்டுத் தெருமேடைகள் என்று வாசித்துத் திரிந்தோம். குழு கலைந்தபின் பங்குக் கோயிலில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இசைக்குறிப்பு படிக்கக் கற்றேன். வயலின்கள் சேர்ந்தன, செல்லோக்கள் சேர்ந்தன. டேவிட்டும் வந்தான். செம்பு அண்டாவுக்குத் தோல் போர்த்தியது போலிருக்கும் டிம்பனி முரசுகள் அவன் பொறுப்பு. பகலில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் வேலை, மாலையில் முரசு. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுதோறும், ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை எங்கள் குழு இசைக்கும், நான் நடத்துவேன். அதுதான் என் வாழ்க்கை என்று சொல்லலாம்.

பொங்கல் முடிந்த வாரம் இடது காது போனது. வலது காதில் கருவி வைத்தால் பக்கத்தில் பேசுவது கேட்கும். இசை மட்டும் நசுங்கிய தகரச் சத்தமாக வந்தது. பல வருடம் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றதன் பலன் என்றும், நரம்பு திரும்பாது என்றும் மருத்துவர் சொன்னார்.

அன்றே அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்துகொண்டேன். கேட்டது ஒன்றே ஒன்று. காதைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே. எட்டுச் செவ்வாய் போயிற்று. காது வரவில்லை. ஒத்திகை சிதறிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். காதருகே குனிந்து, "காது போனாப் போவுது. நீங்க கீறீங்கல்ல, எனக்கு அது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. குருத்து ஞாயிற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டேன். "செவ்வாய்க்கிழமை முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார்.

ஒன்பதாம் செவ்வாய். நவநாள் நேர்ச்சைப்படி வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டேன். நவநாள் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் எழவில்லை. ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். "காதைத் தரமாட்டீர் என்றால் இந்த ஆசையையாவது எடுத்துவிடும். இசையே வேண்டாம் என்கிற மனதைக் கொடும்." என் வாழ்நாளில் அதைவிடக் கசப்பான ஜெபம் செய்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது, பீடத்துக்குப் பக்கத்தில் இசைக்குழு உட்காரும் பலகை மேடையில் டேவிட் நின்றிருந்தான். சட்டையெல்லாம் துரு. சந்தையிலிருந்து நேரே வந்திருக்கிறான். மேடைமேல் விரித்திருந்த தடித்த சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடிவந்து கத்தினார். நான் அருகே போனேன்.

"யோவ், இன்னா பண்ற நீ? பிஷப் வந்தப்போ போட்ட கார்ப்பெட்டுய்யா அது!"

"பிஷப்பாண்ட நான் சொல்லிக்கிறேன். நீ அந்த ஓரத்தப் புடி நைனா."

பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமு, மேல ஏறு."

"எதுக்குடா?"

"ஏறுன்னா ஏறேன். ஒவ்வொண்ணுத்தையும் எழுதிக் காட்டணுமா?"

ஏறினேன். டேவிட் முரசின் பின்னால் போய் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

உள்ளங்காலில் அது வந்தது. பலகை வழியாக வந்து, கணுக்காலைத் தாண்டி, முழங்கால் வரை ஏறியது. இன்னொரு அடி. மெதுவாக ஒன்று. பிறகு உருட்டல். எல்லாம் வந்தது, தனித்தனியாக, சுத்தமாக.

அவன் என் வலது காதருகே வந்து கத்தினான். "அப்போ மட்டும் காதுலயா கேட்ட? தெருமேடையில அந்த கலீஜ் ஸ்பீக்கர்ல உன் கிடாரு உனக்கே கேக்காது. செருப்ப வுட்டுட்டு என் டிரம்ம கால்லதான வாங்குன? பெரிய ஆளானதும் ஷூ மாட்டிக்கினு மறந்துட்ட."

உண்மை. தெருமேடைகளில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்காது. வெறுங்காலில் பலகைமேல் நின்று தாளத்தை வாங்குவோம். ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்றபோது காலைத் தட்டக்கூடாது, கைதான் பேச வேண்டும் என்றார்கள். அந்தப் பழக்கத்தை ஒழிக்கவே இறுக்கமான ஷூ போட ஆரம்பித்தேன். என் குழுவுக்கும் அதையே கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுதுகினு இருக்காத. உனக்கு இன்னும் டபுள் பேஸு வேற கீது" என்றான் டேவிட்.

வயலின் இனத்துப் பெரிய கருவிகளான செல்லோவும் டபுள் பேஸும் இரும்பு முனையால் பலகையில் ஊன்றி நிற்பவை. அவற்றை எனக்கு அருகே நகர்த்தினோம். சுருதி தவறினால் முதல் வயலின்காரர் திருத்துவார் என்று வைத்துக்கொண்டோம். குருத்து ஞாயிறன்று வெறுங்காலில் நின்று நடத்தினேன். புல்லாங்குழல் தனியாக வாசித்த இடத்தில் காலுக்கு ஒன்றும் வரவில்லை. வாசித்தவரின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கையசைத்தேன். முரசும் பேஸும் சேர்ந்த இடமெல்லாம் காலுக்கு வந்தது. ஆண்டவர் மரிக்கிற இடத்தில் டேவிட்டின் ஒற்றை அடி என் நெஞ்சுவரை வந்தது.

சாட்சியை இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்க முடியவில்லை.

அதே ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் வாரம், சாத்தாங்காட்டில் தகடு இறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே டேவிட் சரிந்து விழுந்தான். மாரடைப்பு. ஜெசிந்தா என் காதருகே வந்து சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் மறுபடி சொல்லச் சொன்னேன். கேட்டிருந்தது.

அடக்கத் திருப்பலிக்குப் பாடகர் குழு மட்டும் வந்தது. வேலை நாள், வாத்தியக்காரர்களால் வர முடியவில்லை. முரசுகள்மேல் கறுப்புத் துணி. எதிரே பெட்டி. பலகை மேடையில் ஏறி வெறுங்காலில் நின்றேன். கையைத் தூக்கினேன். அவர்கள் வாய் திறந்தார்கள். காலில் ஒன்றுமில்லை. பலகை வெறும் பலகையாக இருந்தது. பாட்டின் முதல் அடியிலேயே தடுமாறினேன். எல்லோருக்கும் தெரிந்தது. "ஆண்டவரே, கொடுத்ததையும் எடுத்துக்கொண்டீரே" என்று மனதுக்குள் சொன்னேன்.

அப்போது உள்ளங்காலில் மெல்ல ஏதோ தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

நிமிர்ந்தேன். பின்வரிசை ஆண்கள் குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நடுவரிசை. பிறகு பெண்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. எதைச் செய்யாதே என்று நான் அவர்களை அதட்டினேனோ, அதை எனக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பாட்டு முடியும்வரை நடத்தினேன். என் நண்பனை அப்படித்தான் வழியனுப்பினோம்.

என் காது வரவில்லை. ஜெசிந்தா சமையலறையில் முணுமுணுத்துப் பாடும்போது அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துத்தான் கேட்கிறேன். டேவிட்டின் இடத்தில் இப்போது வேறு ஒருவர் வாசிக்கிறார். நல்ல கை. டேவிட்டின் கை இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அது என் காலுக்குத் தெரிகிறது, வலிக்கிறது.

ஆனாலும் அந்த ஒன்பதாம் செவ்வாய்க்குப் பிறகு இசை வேண்டாம் என்று நான் ஜெபித்ததில்லை. ஆண்டவர் எனக்குக் காதைத் தரவில்லை. என்னைச் சுற்றி மனிதர்களைத் தந்திருந்தார். அதுதான் பதில் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு அடக்கப் பூசை தேவைப்பட்டது.

கேட்டது வராமல் கலங்கியிருக்கிறீர்களா? விட்டுவிடாதீர்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். கேட்ட வழியில் வராவிட்டாலும் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் காலடியில் யாரோ உங்களுக்காகத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.