மவுஸைக் கழற்றிய பிறகு

அலுவலகத்தில் அவருக்குத் தூக்கம் சார் என்று பெயர். ஆள் ஒன்றும் தூங்குமூஞ்சி இல்லை. கம்ப்யூட்டரைத் தூங்கவைப்பதும் எழுப்புவதும்தான் அவர் பிழைப்பு. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு பாகமாக ஓய்வெடுக்க அனுப்பும். மவுஸ் மாதிரி சாதனங்களை மாட்டும் யுஎஸ்பி போர்ட்டையும் தூங்கப் போடும். தூங்கட்டும், நல்லதுதான். ஆனால் எழுப்பினால் எழ வேண்டும் அல்லவா? சில சமயம் எழாது. மாட்டிய சாதனம் கண்ணெதிரே இருக்க, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். இந்தச் சண்டித்தனத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய, லேப்டாப் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் இவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் எல்லோரும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். பழைய லேப்டாப்புகள் அடைந்து கிடக்கும் சோதனை அறையை நகர்த்த யாருக்கும் பொறுமை இல்லை. அறையோடு சேர்த்து இவரையும் விட்டுவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச ஆள் இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால் "சாப்டீங்களாப்பா" என்பாள், இவர் "சாப்ட்டேம்மா" என்பார், அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் ஓடாது. சில நாள் காலையில் வாட்ச்மேனுக்கு வைத்த வணக்கத்தோடு அன்றைய பேச்சே முடிந்துவிடும். பழகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். அது பொய். பழகவே இல்லை.

ஒரு பெண்ணின் புகாரை அவர் இரண்டு முறை மூடியிருந்தார். இரண்டு முறையும் எழுதியது ஒரே வரி: இங்கே நன்றாக வேலை செய்கிறது. கையை விரிப்பதற்கு அந்தத் தொழிலில் இருக்கும் மரியாதையான பெயர் அது. மூன்றாவது முறை அவள் எழுதவில்லை. யாரையோ கெஞ்சி நம்பர் வாங்கி, நேராகவே கூப்பிட்டாள்.

"சார், கன்னத்துல வச்சு அழுத்தற ஸ்விட்ச் பத்தி எழுதியிருந்தேனே, அது நான்தான்."

அவளுடைய தம்பி எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. லேப்டாப் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தால் ஸ்விட்சை அழுத்துவான். வாக்கியம் சேர்ந்ததும் லேப்டாப் அதைப் படித்துச் சொல்லும், அக்காவின் போனுக்கும் அனுப்பும். மதியம் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவாள், லேப்டாப் பக்கம் திரும்ப மாட்டாள். மற்ற நேரமெல்லாம் அவனுக்கு அந்த ஸ்விட்ச்தான் துணை.

"நான் பக்கத்துல இருந்தா வாய் ஓயாது சார், ஜோக்கெல்லாம் அடிப்பான். வேலைக்குப் போனா ஒரு வார்த்தை வராது. கேட்டா, ஸ்விட்ச் வேலை செய்யலங்கறான். நீங்களோ நல்லாத்தான் இருக்குன்னு எழுதறீங்க. அப்ப எம்மேல இருக்கற கோவத்த காட்டறான்னுதானே அர்த்தம்? அவசரத்துக்குக்கூட கூப்பிட மாட்டேங்கறவன எப்படி தனியா விட்டுட்டுப் போறது? இந்த மாசக் கடைசில ஒரு இல்லத்துல சேர்க்கறதா பேசிட்டேன். அதுக்கு முன்னாடி ஒருதடவ கேட்டுடலாம்னுதான்."

தான் அலட்சியமாகத் தட்டிவிட்ட ஒரு வரி, வாய் பேச முடியாத ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அதே மாதிரி லேப்டாப்பையும் ஸ்விட்சையும் தேடி எடுத்தார். மாட்டினார், தூங்கவிட்டார், அழுத்தினார். உடனே எழுந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் எழுந்தது. நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் அவரே அவளைக் கூப்பிட்டார். வாடிக்கையாளரை அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க பக்கத்துல இருக்கும்போது என்னம்மா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். அவன்கூட பேசிக்கிட்டே, அதே லேப்டாப்புல என் மவுஸ மாட்டி ஆபீஸ் வேலைய கொஞ்சம் பார்ப்பேன்."

"கிளம்பும்போது?"

"மவுஸ எடுத்து பைக்குள்ள போட்டுப்பேன். ஆபீஸ்ல வேணுமே."

தூக்கம் சார் தன் மேசையைப் பார்த்தார். ஸ்விட்சுக்குப் பக்கத்துத் துளையில் அவருடைய மவுஸ். அவருக்குக் கை சும்மா இருக்காது. தூங்கிவிட்டதா என்று பார்க்க நிமிஷத்துக்கு ஒருதரம் அதை அசைப்பார், அந்தப் போர்ட்டுகள் மொத்தமும் விழித்துக்கொள்ளும். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, தூங்கிட்டியா என்று கேட்கிற கதை. இதில் பெயர் மட்டும் தூக்கம் சார்.

மவுஸைப் பிடுங்கினார். ஸ்விட்சைத் தவிர வேறு எதுவும் மாட்டாமல், அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனையில் ஒரு டீ குடித்தார், செருப்புக் கடை வாசலில் காரணமில்லாமல் நின்றார். திரும்பி வந்து ஸ்விட்சை அழுத்தினார். திரை அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஊஹூம். சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் யாரிடம் கத்துவது? அதற்குள் வேறொன்று தோன்றி அந்தச் சந்தோஷமும் வடிந்துபோனது. அக்கா கதவைச் சாத்திய பிறகு அந்தப் பையன் கன்னம் சிவக்க இப்படித்தானே அழுத்திக்கொண்டு கிடந்திருப்பான்? அழுத்தியதற்குச் சாட்சி யாருமில்லை. சாயங்காலம் அக்கா வந்து மவுஸை மாட்டியதும் எல்லாம் சரியாகி, அவனைப் பொய்யனாக்கிவிடும்.

தவறு சின்னதுதான். ஸ்விட்ச் அழுத்தினால் எழுப்பு என்ற ஏற்பாட்டை முடிப்பதற்குள், சிஸ்டம் அவசரப்பட்டு மின்சாரத்தைக் குறைத்துவிட்டது. எது முதலில், எது பின்னால் என்று வரிசையை மாற்றினால் போதும். மாற்றினார், அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வெளியே நடந்தார், ஒவ்வொரு முறையும் எழுந்தது. திருத்தத்தை அவளுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

"உங்க தம்பி சொன்னது நிஜம்மா. நீங்க இல்லாதப்போ அது வேலை செய்யல. நான்தான் சரியா பார்க்காம எழுதிட்டேன்."

"அவன என்னென்னவோ திட்டிட்டேன் சார்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. இவர் அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொன்னார்.

"லேப்டாப்புல என் நம்பரையும் சேர்த்துட்டு, நாளைக்கு நீங்க கிளம்பினப்புறம் தம்பிய எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. வந்தா, இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்."

மறுநாள் அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை. போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை போனது. நர்ஸ் வந்து போகும் நேரமும் கடந்தது. வேறெங்கோ இன்னொரு ஓட்டை இருக்கிறதோ என்று, தான் மாற்றிய வரிகளை மறுபடி படித்துப் பார்த்தார். பிற்பகலில் போன் ஒளிர்ந்தது.

"அக்கா போயாச்சு. மவுஸும் போயாச்சு. வேணும்னே ரொம்ப நேரம் சும்மா கிடந்தேன். இப்ப அழுத்தினேன். எழுந்திருச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புகார் மூடப்படுகிறது, நன்றி என்று கை தானாக அடித்தது. அதை அனுப்புவதற்குள் அடுத்தது வந்தது.

"அங்க இருக்கீங்களா சார்? வேலையா ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் இங்க யாரும் இல்ல, அதான்."

அடித்ததை அழித்தார்.

"இங்கயும் யாரும் இல்ல. இருக்கேன், சொல்லுங்க தம்பி."

ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிச் சேர்க்க அவனுக்கு நேரமாகும். தூக்கம் சார் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.