இரண்டு வருடம் அந்தப் பக்கம்

நான் உண்ணாவிரதம் இருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஒரு சைக்கிளுக்காக. அதுவும் அக்காவுக்குக் கிடைக்கவேண்டிய சைக்கிள்.

எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலம், பாகூருக்குத் தெற்கே. நாலு வயல் தாண்டினால் தமிழ்நாடு. நடுவே வேலி கிடையாது. சாராயக் கடை இருக்கும்வரை எங்கள் பக்கம், அது முடிந்ததும் அந்தப் பக்கம். பெரியவர்கள் அப்படித்தான் எல்லை கண்டுபிடிப்பார்கள். பெண் எடுப்பது அங்கே, கடன் கேட்பது இங்கே என்று இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கிடந்தோம்.

அக்கா ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளிதான். பத்தாவதில் பள்ளிக்கே முதல் மார்க். அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாவது சேர்ந்தால் சைக்கிள் தருவார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. எனக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் வீட்டில் சோறு தொடவில்லை. பக்கத்து வீட்டு இட்லியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"இன்னாடா, எனக்குப் படிப்பா, உனக்கு சைக்கிளா?" என்றாள் அக்கா.

"ரெண்டுந்தான்க்கா. நீ படி, நான் ஓட்டறேன்."

அம்மா பிஸ்கட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாக்கெட் ஒட்டிவிட்டு வருகிறவள். என்னோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. எல்லாம் ஒரே பாடம்தானே என்று டி.சி. வாங்கப் போனாள். தலைமை ஆசிரியை, "ரெண்டு வருஷந்தானம்மா, இங்கயே முடிக்கட்டுமே" என்றாராம். பள்ளியில் ஒரு தலை குறைகிறதே என்ற கவலை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சைக்கிள் வந்தது. முதல் வாரமே முன்கூடையை நான் நெளித்தேன்.

அக்கா பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒருவர் பேச வந்தார். கோட்டு போட்டிருந்தார், அந்த வெயிலிலும். அக்காவையும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கடைசிவரை இறக்காதவர்தான் வாழ்க்கையில் ஜெயிப்பார் என்றார். ஒவ்வொருவராக இறக்கினார்கள். நான் முன்வரிசைக்குப் போய் அக்காவைப் பார்த்துக் குரங்குச் சேட்டையெல்லாம் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கை வெடவெடவென்று ஆடியது, இறக்கவில்லை. என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார், டாக்டர் என்றாள். "இந்தப் பொண்ணு டாக்டர் ஆகுறத யாராலயும் தடுக்க முடியாது" என்று மைக்கில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

முதல் தடவை எழுதிய நீட் தேர்வில் மார்க் பற்றவில்லை. ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து, யாரோ எழுதிக் கிழித்த புத்தகங்களை அழிரப்பரால் துடைத்துப் படித்தாள். காலையில் அம்மாவோடு கம்பெனிக்குப் போய் அரை ஷிப்ட் பாக்கெட்டும் ஒட்டினாள். இரண்டாம் தடவை மார்க் வந்தது. பொதுவில் சீட்டு கிடைக்கிற மார்க் இல்லை. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தனி ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் முந்தின வருடம் கடைசியாகச் சேர்ந்த பெண்ணைவிட இவளுக்குக் கூடுதல். தெருவில் அம்மா எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். நான் மூன்று தடவை வரிசையில் நின்றேன்.

சான்றிதழ் காட்ட மூன்று பேருமாகப் புதுச்சேரிக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். காகிதங்களை இரண்டு முறை புரட்டினார்.

"பதினொன்னு, பன்னெண்டு அந்தப் பக்கம் படிச்சிருக்குதே?"

"அதுவும் கவர்மெண்டு இஸ்கூலுதான் சார்," என்றாள் அம்மா.

"கவர்மெண்டுதாம்மா. ஆனா ஒன்னுலேர்ந்து பன்னெண்டு வரிக்கும் நம்ம பக்கமே படிச்சிருந்தாத்தான் இந்த ஒதுக்கீடு."

"அப்பிடின்னா அந்தப் பக்கம் கேக்கலாமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அங்க ஆறாவதுலேர்ந்து படிச்சிருக்கணும். நீ ரெண்டுலயும் வரமாட்டம்மா."

அக்கா காகிதங்களை ஓரம் தட்டிச் சரிசெய்து பைக்குள் வைத்தாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். நான் அந்த அறையின் மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் இந்த..." என்று ஆரம்பித்தாள்.

"உடும்மா," என்றாள் அக்கா. "மார்க் பத்தல. அவ்ளோதான்."

"ஏண்டி, அந்த ஆளு சொன்னது..."

"மார்க் பத்தலன்னு சொல்றன்ல."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கோட்டுக்காரர் பேசியதெல்லாம் அப்போது எனக்கு மனப்பாடம்.

"உனக்கு முயற்சி பத்தலக்கா. இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தா கெடச்சிருக்கும்."

வழக்கமாக இப்படிப் பேசினால் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். தலையைக் குனிந்து தயாராகக் காத்திருந்தேன். விழவில்லை. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா," என்றாள். "படிச்சிருக்கணும்."

அக்கா என்னிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் பாகூர் வரும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தேன்.