விரதம் என்று சொன்னார்கள்

எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை தோறும் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். புளிசாதம், சர்க்கரைப் பொங்கல், சுண்டல் எல்லாம் இலையில் படைத்து, கோவிந்தா சொல்லிக் கும்பிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அரியலூரில் எங்கள் தெருவில் பிரசாதத்தை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் முதல் சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அவர் மனைவி, அவருடைய அக்கா, அவ்வளவுதான் அந்த வீட்டில். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

மனைவி கேட்டிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "எங்க நாத்தனாருக்கு வேணாங்க்கா. மாசம் பூரா விரதம். ஒருவேளதான் சாப்புடுவாங்க."

எனக்கு மெய் சிலிர்த்துப்போனது. படுக்கையில் இருந்துகொண்டு இப்படி ஒரு பக்தியா என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "எந்திரிக்க முடியாதவங்களுக்கு யாருடி விரதம் வச்சது?"

அந்தக் கேள்வி வாரம் முழுக்க என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்கு பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் புளிசாதத்தோடு பின்பக்கமாகப் போனேன். மாடு கட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகையில்தான் அந்த அக்காவைப் போட்டிருந்தார்கள். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்ததும் வந்த நாற்றத்தில் முந்தானையால் மூக்கை மூடினேன். அதை அவர் பார்த்துவிட்டார். உடனே கையை எடுத்தேன்.

முடியைக் கத்தரியால் கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்கள். விழாத கையின் மணிக்கட்டில் கயிறு கட்டின தடம்.

"விரதமாமேக்கா" என்றேன்.

"எனக்கு எந்த விரதமும் இல்ல. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்னு தண்ணியே தர்றதில்ல."

வாய் கோணித்தான் பேச்சு வந்தது, ஆனால் எல்லாம் புரிந்தது. ஊட்டிவிட்டேன், சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். புறப்படும்போது கூப்பிட்டார்: "வாயத் தொடச்சி வுட்டுட்டுப் போ. பருக்கை ஒட்டியிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

இதற்கென்று அரசாங்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது என்று வீட்டுக்காரர் விசாரித்து வந்து பேசினார். சில நாள் கழித்து ஒரு மேடம் வந்தார்கள். வருவது பக்கத்து வீட்டில் முன்னாடியே எப்படித் தெரிந்ததோ. அந்த அக்காவைக் குளிப்பாட்டி, புது நைட்டி போட்டு, நடுவீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

"தனியாக் கேளுங்க மேடம்" என்றேன்.

மேடம் தம்பியையும் அவர் மனைவியையும் வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் ஜன்னலுக்கு அடியில் போய் நின்றார்கள்.

"தம்பி நல்லாத்தான் பாத்துக்கறான்" என்றார் அந்த அக்கா. சொல்லிவிட்டு மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மேடம் ஜீப்பில் ஏறும்போது, "அவங்க வாயால சொல்லணும்மா. நான் திரும்பவும் வரேன்" என்றார்கள். நல்ல மனுஷிதான். இன்னொரு தடவை வந்தும் பார்த்தார்கள். அப்போதும் அதே நைட்டி, அதே பதில்.

மேடம் இரண்டாம் தடவை வந்துபோன மறுநாளே அந்த அக்காவை மறுபடி கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள். சுவரை உயர்த்திக் கட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை நான் பாத்திரத்தை எடுப்பதற்குள் அவளே தூக்குவாளியோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பிரசாதம் குடுங்கக்கா. நாத்தனாருக்கும் சேத்துப் போடுங்க." போட்டேன். "மேடத்துக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க. பாவம், அலைஞ்சிட்டுப் போனாங்க."

பெருமாள் பிரசாதம் என்று கேட்டு வந்தவளுக்கு எப்படி இல்லை என்பேன்? அவள் போன பிறகு சுவரோரம் நின்று காது கொடுத்தேன். தட்டுச் சத்தம் ஏதும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் புரட்டாசி பிறந்துவிட்டது. கல்லங்குறிச்சி கோயிலில் வரதராஜர் என்று கும்பிடும் கல் கம்பத்தின் முன்னால் நின்றால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. எழுந்து நடக்க வை என்று கேட்கவா? சீக்கிரம் கூப்பிட்டுக்கொள் என்று கேட்கவா? அதற்கு வாய் வரவில்லை. தூக்குவாளியோடு அவள் வருகிறாள். ஒரு பருக்கையாவது உள்ளே போகும் என்று நானும் நிறையப் போடுகிறேன்.

போன சனிக்கிழமை சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "என்னடி, புளிசாதத்துல உப்பும் இல்ல, காரமும் இல்ல?"

அங்கே தாகம் எடுத்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லையே, அதான் குறைத்துப் போட்டேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சாப்பிட்டார்.