பத்து என்று சொன்ன வாய்

ஒன்பது பேராகச் சேர்ந்து பயணம் போகக்கூடாது என்பது பர்மாக்காரர்களின் நம்பிக்கை. ஒன்பது பேர் ஆகிவிட்டால், ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அதையே பத்தாவது ஆளாக வைத்துக்கொள்வார்கள். நாங்கள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவத் தமிழர்கள். கல்லை நம்பக்கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் நாலு தலைமுறையாக ரங்கூனில் குடியிருந்துகொண்டு ஊரோடு ஒத்து வாழாமல் முடியுமா?

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை சைக்கிள் பயணம் போவது எங்கள் சபை வழக்கம். சைக்கிள்களை ஒரு சின்ன லாரியில் ஏற்றி, நாங்களும் ஏறிக்கொண்டு, நகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இறங்குவோம். அங்கிருந்து மேடும் பள்ளமுமாகக் காட்டுப் பாதையில் ஓட்டி, ஒரு சிற்றூரில் சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புவோம். அந்தச் சமயத்தில் காட்டுத் தரையில் ஒரு பூ பூக்கும். இஞ்சிக்குச் சொந்தக்காரச் செடியாம். முதலில் இலை வராது, மண்ணைப் பிளந்துகொண்டு பூ மட்டும் வரும். காய்ந்த தேக்கிலைகளுக்கு நடுவே வெள்ளையும் ஊதாவுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும். ஈஸ்டர் முன்னே பின்னே வந்துவிட்டால் பூ கிடைக்காது. அந்த வருடம் கிடைத்தது.

குழுவில் எனக்கு ‘வால்’ என்று பெயர். கடைசியாக ஓட்டுகிறவன். யாரையும் முந்தாமல் எல்லாருக்கும் பின்னால் வருவது என் வேலை. நிற்கும் இடங்களில் ஆள் எண்ணுவதும் நான்தான். குழுவுக்கு ஒரு விதியும் போட்டு வைத்திருந்தேன்: பிரிந்துபோனால் அலையாதே, இருந்த இடத்திலேயே நில், வால் தேடி வரும். இந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை. புதிதாக யார் சேர்ந்தாலும் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன்.

அன்று காலை ரங்கூனின் லான்மடாப் பேட்டையில் எங்கள் கட்டடத்தின் கீழே கூடினோம். எண்ணினால் ஒன்பது. பாடல் குழுவில் அடிக்குரலில் பாடுகிற நண்பர் ஒருவர், வாய் ஓயாதவர், தெருவோரம் கிடந்த ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தன் சைக்கிள் கூடையில் வைத்தார். “நம்பிக்கையெல்லாம் இல்ல. சும்மா கெடக்கட்டும்,” என்றார். போதகர் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி கிளம்பும் நேரத்தில் என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

“நானும் வர்றேன். எத்தன வருசமா அந்தப் பூவப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கறது?”

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவளுக்கு ஆஸ்துமா. வெயிலும் தூசியும் ஆகாது. அதனால் ஒரு தடவைகூட வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

“வீசிங்க வச்சுக்கிட்டு மேடு ஏறுவியா?” என்று சிடுசிடுத்தேன்.

“ஏற முடியலன்னா தள்ளிக்கிட்டு வர்றேன். நீங்கதான் பின்னாடி வருவீங்கல்ல?”

அவள் பையில் இடமில்லை என்று இன்ஹேலரை என் சட்டைப் பையில் செருகினாள். நான் பாட்டுக்காரரிடம், “பத்துப் பேர் ஆயிட்டோம், கல்லத் தூக்கிப் போடுங்க,” என்றேன். அவர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்?

லாரியிலிருந்து இறங்கியதும் கண்ணாலேயே எண்ணினேன். பத்து. முதல் ஒரு மணி நேரம் அவள் எனக்கு முன்னால்தான் ஓட்டினாள். சிரமமில்லாமல் ஓட்டினாள் என்பதே எனக்கு ஆச்சரியம். ஒரு மேட்டில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் செயின் கழன்றுவிட்டது. நான் நின்று மாட்டிக் கொடுத்தேன். அதற்குள் மற்றவர்களோடு அவளும் இறக்கத்தில் போய்விட்டாள். அதன்பிறகுதான் பூக்காடு. பாதை முழுக்க மணல், சக்கரம் வழுக்கியது. நான் பூவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

காடு முடியும் இடத்தில் ஒரு பாலம். அங்கே மூங்கில் தடுப்பு, துப்பாக்கியோடு நாலைந்து பேர். இப்போதெல்லாம் எந்தப் பாதையில் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். எங்களைப் பார்த்துக் கையசைத்து விட்டுவிட்டார்கள். தடுப்பைத் தாண்டி நின்று, “எண்ணிச் சொல்லுங்க,” என்று கத்தினேன். முன்னாலிருந்து ஒவ்வொருவராக ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஆசிரியை ஒன்பது என்றார். நான் பத்து என்றேன். பத்துப் பேர், பத்து எண். திருப்தியோடு பாட்டிலை மூடினேன்.

சிற்றூர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஒரு தேநீர்க் கடையின் கொட்டகையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். ஆசிரியை கேட்டார்:

“பலாச்சவுங் டப்பா எங்கங்க? ஒங்க வீட்டம்மா கொண்டாந்தேன்னு சொன்னாங்களே?”

பலாச்சவுங் என்றால் பூண்டும் மிளகாயும் போட்டுப் பொரித்த காய்ந்த இறால். என் மனைவி செய்தால் சபையே சப்புக்கொட்டும். எங்கே அந்த டப்பா என்று நானும்தான் தேடினேன். பெஞ்சின் மேலே, கீழே, சைக்கிள்களின் கூடையில். டப்பா அவள் பையில் இருக்கிறது என்பது முதலில் நினைவுக்கு வந்தது. அதன்பிறகுதான் அவளைத் தேடினேன்.

பாட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கூடையில் கல் அப்படியே கிடந்தது.

“அண்ணே, ஒரு வெளையாட்டுக்கு... ஏழுன்னு எனக்குச் சொன்னேன், எட்டுன்னு கல்லுக்குச் சொன்னேன்.”

அவரை அறைந்திருப்பேன். அறைய எனக்கு என்ன யோக்கியதை? அவர் சொன்னது எட்டுதான். பத்து என்று சொன்னது என் வாய். தலையைத் திருப்பி அவள் முகத்தைத் தேடியிருந்தால் எண்ணவே வேண்டியிருந்திருக்காது.

சோற்றைப் போட்டுவிட்டுப் பாலத்துக்குப் பறந்தேன். தடுப்பு இறக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் வரலாம், இந்தப் பக்கமிருந்து யாரும் போகக்கூடாது. வண்டிகள் வரப்போகின்றனவாம். என்ன வண்டிகள், எப்போது வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. நான் பர்மியில் கெஞ்சினேன். மனைவி காட்டில் தனியாக இருக்கிறாள், மூச்சுத்திணறல்காரி, மருந்து என்னிடம் இருக்கிறது என்று இன்ஹேலரை எடுத்துக் காட்டினேன். மீசை சரியாக முளைக்காத ஒருவன் அதையே பார்த்தான். பிறகு தன் தலைவனைப் பார்த்தான். தலைவன் இல்லை என்று தலையசைத்தான்.

“நான் போக வேணாம். நீங்க யாராவது இதக் கொண்டுபோய்க் குடுங்க.”

“உத்தரவு, பெரியவரே. உக்காருங்க,” என்று தலைவன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

போதகர் வந்து கேட்டார். ஆசிரியை அழுதுகொண்டே கேட்டார். இல்லை என்ற பதில் மாறவில்லை. எல்லாரும் கொட்டகையைக் காலி செய்து, என்னுடையதையும் சேர்த்துச் சோற்றுப் பொட்டலங்களோடு பாலத்தடி நிழலுக்கு வந்துவிட்டார்கள். போதகர் கண்ணை மூடி ஜெபித்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. சித்திரை வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்றே மனம் ஓடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்த நட்ட நடு வெயிலிலேயே பேய் தெரிந்தது. பாதையில் கானல் அசைந்தால் அவள் விழுகிறாள் என்று எழுந்தேன். நான் எழும்போதெல்லாம் அந்தப் பையன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டான். நான் மறுபடி உட்கார்ந்தேன். இன்ஹேலர் என் உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டியும் வரவில்லை.

அவள் வந்தாள். வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாலடிக்கு ஒரு முறை நின்று நின்று வந்தாள். நான் தடுப்பு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தடி தூரத்தில் அவள் மூச்சின் விசில் கேட்டது. அப்போதும் என்னைப் போக விடவில்லை. அவளேதான் மூங்கிலுக்குக் கீழே குனிந்து வந்தாள். இன்ஹேலரை வாங்கி இரண்டு முறை இழுத்தாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

“பூவப் பாக்கலாம்னு சைக்கிளோட உள்ள எறங்கினேன். இருவது அடிதான். நீங்க போறதப் பாத்துக் கூப்புட்டேன். சக்கரச் சத்தத்துல கேக்கல போல.”

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“அங்கயே நின்னேன். அலையாத, வால் தேடி வரும்னு நீங்கதான சொல்லுவீங்க? ஒன்றர மணி நேரம் நின்னேன். வர மாட்டீங்கன்னு தோணுனப்பறம்தான் நடந்தேன்.”

“வழிய மறிச்சுட்டாங்கம்மா,” என்றேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

“நான் இல்லன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?”

பாலத்திலேயே தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட உக்காந்தப்ப,” என்றேன்.

“அதுவரைக்கும் தெரியல. அப்பறம் எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

ஆசிரியை நல்ல மனசுக்காரர், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். “பலாச்சவுங்கத் தேடினோம்மா, அப்பத்தான்...” என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

என் மனைவி தோளிலிருந்த பையைக் கழற்றி, டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஒவ்வொருவர் பொட்டலத்திலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். போதகருக்கு, ஆசிரியைக்கு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரருக்கு. என்னிடம் வந்து, எப்போதும் போல எனக்கு இரண்டு கரண்டி வைத்தாள்.

“சாப்பிடுங்க,” என்றாள். “இதத்தான தேடினீங்க?”

சோறு ஆறிப் போயிருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதைப் பிசைந்து சாப்பிட்டேன்.