சாமியாகிப் போன அடிபம்பு

காலில் ஷூ இல்லாமல் ஓடி, அரூரில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம். பெண்பிள்ளைக்குக் கூடாரத்தில் என்ன வேலை என்று அப்பா சவுரியப்பன் ஒற்றைக்காலில் நின்ற பிறகும் ஏற்காட்டுச் சாரணியர் முகாம். கணக்கில் தேறுவதே கஷ்டம் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, பத்தாம் வகுப்பில் எழுபத்தெட்டு. சில்வியா ஜெயித்ததையெல்லாம் அவள் அண்ணன் அமல்தாஸ் வரிசை மாறாமல் சொல்வான். ஆனால் அவன் நிஜமாகவே பயந்தது அடிபம்பு விஷயத்தில்தான்.

சாரணியர் இயக்கத்தில் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்காக, ஊருக்குப் பயன்படும் ஒரு சேவையைச் சில்வியா திட்டமிட்டுச் செய்து காட்ட வேண்டியிருந்தது. கம்பைநல்லூர் பக்கத்தில் அவர்கள் தெருமுனை அடிபம்புத் தண்ணீரில் ப்ளோரைடு அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தும், ருசிக்காக அடிபம்பைத் தேடிப் போனவர்கள் உண்டு. அவர்களை நிறுத்துவதுதான் திட்டம். ஊராட்சியில் அனுமதியும் வாங்கிவிட்டாள். சனிக்கிழமை சாரணியர் ஆசிரியை நிர்மலா பார்வையிட வருவார். குடிக்க ஒரு குடம் அங்கிருந்து போனாலும் திட்டம் தேறாது.

அமல்தாஸ் எட்டாவதோடு நின்று போர்டு எழுதும் தொழிலுக்குப் போனவன்.

"ஆபத்துன்னா செவப்பு வெள்ளைப் பட்டை பாப்பா. பொம்மிடி ரயில்வே கேட்டுல பாத்ததில்ல?" என்றான்.

நூல் பிடித்துக் குறித்து, பம்புக்கும் சிமென்ட் மேடைக்கும் இருவரும் பட்டை அடித்தார்கள். மயிரிழை கோணல் இல்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பம்பின் கழுத்தில் செவ்வரளி மாலை. கைப்பிடியில் எலுமிச்சம்பழம். மேடையில் கற்பூரக் கரி. வழக்கத்தைவிட நீளமாகக் குடங்களின் வரிசை.

"என்னண்ணா இது?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோயில் மதிலுக்கு அடிப்பதும் இதே பட்டைதான். சர்ச்சுக்குப் போகிற வீட்டில் இருவருக்குமே அது தோன்றவில்லை.

மாலை போட்ட எதிர்வீட்டு சசிகலா பூரித்துப் போயிருந்தாள். "கங்கம்மா மாதிரியே கண்ணுல ஒத்திக்கலாம் தாஸு. இனிமே எங்க வூட்ல சோறு பொங்க இந்தத் தண்ணிதாங்க!"

அமல்தாஸ் தங்கையை ஓரமாக இழுத்தான். "அழிச்சா சாமிய அழிச்சிட்டாங்கன்னு வம்பு வரும்."

"மேல மஞ்சள் அடிச்சா?"

"அது மாரியம்மன்."

"பச்சை? நீலம்?"

"ஏதாவது கட்சிம்பாங்க."

"கறுப்பு?"

"முனியப்பன்னு கெடா வெட்டிருவாங்க, போ!"

சில்வியா நேராக சசிகலாவிடம் போனாள். போட்டோவுக்குக்கூட வாயை மூடியே சிரிப்பவள், உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். பற்களில் பழுப்புக் கறை.

"பாருங்கக்கா. தேய்க்காம இல்ல. சின்ன வயசுலருந்து இந்தத் தண்ணி குடிச்சதுல வந்தது. எத்தன தேய்ச்சாலும் போகாதுங்க. உங்க காவியாவுக்கு இப்பதான மூணு வயசு?"

சசிகலா அவள் பற்களையே பார்த்தாள். இடுப்பிலிருந்த குடத்தை மெல்லச் சாய்த்துக் கொட்டினாள்.

"நீங்க கை வெக்காதீங்க. போட்டவ நான், நானே எடுக்கறேன்." மாலையையும் பழத்தையும் எடுத்துக் கும்பிட்டாள். "தாயே, கோவிச்சுக்காத. துணி தொவைக்க மட்டும் தண்ணி குடு."

அமல்தாஸ் வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துவர ஓடினான்.

அன்றே பட்டைமேல் வெள்ளை அடித்தார்கள். சனிக்கிழமை நிர்மலா டீச்சர் அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். துணியும் பாத்திரமும்தான் வந்தன. குடிக்க எடுக்க வந்த ஒரே ஒருவரையும் சசிகலாவே சத்தம் போட்டு விரட்டினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "திட்டம் தேறிடுச்சு" என்றார்.

'குடிக்க வேண்டாம். கழுவ, துவைக்க மட்டும்' என்ற போர்டை அன்று சில்வியாவே எழுதினாள். அமல்தாஸ் பிரஷை மறுபடியும் அவளிடம் நீட்டினான்.

"எழுதுனவங்க கீழ கையெழுத்துப் போடணும் பாப்பா. எங்க தொழில்ல அதான் வழக்கம்."

அதுவரை தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தே எழுதியவள், கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டு அடியில் கோடும் இழுத்தாள். பக்கத்தில் அண்ணன் தேதி எழுதினான்: 17.8.2024.